ஒரு சாயங்காலத்துக்காக

ஞானதீபம் கணவனின் கோட்டை டிரங்குப் பெட்டியிலிருந்து உருவிக்கொண்டிருந்தபோது வாசலில் கோழி கத்தியது. கத்தல் கேட்டதுமே அது தன்னுடைய கோழி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. கோட்டை மடியில் விரித்து, பையில் கிடந்த பாச்சை உருண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிக்குள் போட்டாள். கலியாணத்துக்குத் தைத்த கோட்டு. இப்போது அவருக்குத் தொளதொளவென்று இருக்கும். பின்பக்கம் மடித்துவிட்டால் தெரியாது என்று நினைத்துக்கொண்டாள்.

வெளியே பந்தல்காரர்கள் மூங்கில் ஊன்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, கால் கட்டிய சிவப்புக் கோழியைத் தலைகீழாகப் பிடித்தபடி பலசரக்குக் கடை தனராஜ் நின்றார். கோழியோடு சாவு வீட்டுக்குள் நுழைவதா, வெளியே போட்டுவிட்டு நுழைவதா என்று அவருக்குத் தெரியவில்லை. கையை உடம்பைவிட்டு எட்ட நீட்டியிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, இழவு வீட்டுக்குக் கோழியும் கையுமா வந்து நிக்கிய?" என்றாள் ஜெபகனி. அவள் ஞானதீபத்தின் செத்துப்போன கணவர் கிருபாநிதியின் அக்காள். சேதி கேட்டதும் டூவிபுரத்திலிருந்து ஓடிவந்து, வந்த நேரம் முதல் வாசலை அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல தங்கச்சி, காலைல கோயில் ஏலத்துல இதை நாந்தான் எடுத்தேன். வீட்டுல கொண்டுபோய் இறக்கி விடல, அதுக்குள்ள சேதி வந்துட்டு. இதை அறுத்துத் திங்க மனசு வருமா? அதான் கொண்டாந்துட்டேன். துட்டைப் பத்தி ஒண்ணுமில்ல. கோயில்ல போட்டது போட்டதுதான்."

ஜெபகனி கோழியை ஒரு முறை பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, கூடத்தில் இருந்த பெண்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "ஏளா தீபம், ஒன் ஸ்தோத்திரம் திரும்பி வந்திருக்கு. வந்து வாங்கிக்க."

கிருபாநிதி துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவர். கப்பலில் ஏறுகிற மூட்டைகளையும் இறங்குகிற மூட்டைகளையும் வெயிலில் நின்று கணக்குப் பார்க்கிற வேலை. புரட்டாசியில் ஒரு நாள் புதுத் துறைமுகத்து மேடையிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்தவர்தான், அதற்குப் பிறகு கட்டிலைவிட்டு எழவில்லை. கால் இரண்டும் வீங்கின. இதயம் பெருத்துவிட்டது என்றார் டாக்டர். உப்பு கூடாது, காப்பி கூடாது. "சுத்தி உப்பளம். நடுவுல ஒரு வீடு. அங்கன ஒருத்தன் உப்பில்லாக் கஞ்சி குடிக்கான். ஆண்டவருக்கும் கேலி பண்ணத் தெரியுதுளா" என்று கஞ்சிக் கோப்பையைப் பார்த்துச் சிரிப்பார்.

ஒரு நாள் விடியற்காலையில் அடுப்படியில் நின்றபடியே ஞானதீபம் பொருத்தனை பண்ணினாள். இவிய எந்திரிச்சு நடந்தாப் போதும், சிவப்புக் கோழியைக் கோயிலுக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று. வீட்டில் இருந்ததிலேயே அந்தக் கோழிதான் ஒழுங்காக முட்டையிடுகிற கோழி.

நேற்றுச் சாயங்காலம் அவர் எழுந்து நடந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்தைக் கடந்து வாசல்வரைக்கும் வந்து பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஞானதீபம் அடுத்த வாரத்துக்குக் காத்திருக்கவில்லை. அடுத்த வீட்டுச் செல்லத்தாயைத் துணைக்கு உட்காரவைத்துவிட்டுக் கோழியோடு கோயிலுக்குப் போனாள். "சகோதரர் கிருபாநிதி அவர்கள் வியாதியிலிருந்து பூரண சுகம் பெற்றதற்காக" என்று சபைப் போதகரான ஐயர் ஆல்டரில் நின்று வாசித்தார். ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் காணிக்கைப் பொருட்கள் ஏலம் போயின. கோயில்பிள்ளை வெள்ளத்துரை கோழியைத் தூக்கிப் பிடித்து, "நல்லாப் பாத்துக்கிடுங்க, சீக்காளியை எழுப்பி உக்காரவச்ச கோழி!" என்று கூவினார். எல்லாரும் சிரித்தார்கள். ஞானதீபமும் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். ஐயரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார்கள்.

அவள் திரும்பி வந்தபோது செல்லத்தாய் தெருவிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

அப்போதிலிருந்து ஞானதீபத்துக்கு எல்லாச் சத்தமும் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் கேட்டது. யார் எதைக் கேட்டாலும் பதில் சொன்னாள். டர்க்கி துண்டு எங்கே இருக்கிறது என்று சொன்னாள், பெட்டி செய்கிற ஆசாரிக்கு அளவு சொன்னாள். அழுகை மட்டும் வரவில்லை. அது வராததை மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்பதும் தெரிந்தது.

"நட்டுவச்ச கல்லு மாதிரி இருக்கா" என்று ஜெபகனி கூடத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். "இங்கன தம்பிக்கு உசுரு போவுது, அங்கன இவ கோழி ஏலத்தைப் பாத்துப் பல்லைக் காட்டிட்டு நிக்கா."

கோட்டை மடித்துக் கட்டில்மேல் வைத்துவிட்டு ஞானதீபம் வாசலுக்கு வந்தாள். தனராஜ் கோழியை அவளிடம் நீட்டினார். அவள் கையை நீட்டவில்லை.

"வாங்கிக்கங்கம்மா" என்றான் மகன் சுந்தர்சிங். நாசரேத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். மத்தியானம் வந்து, அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து அழுது முடித்திருந்தான். இப்போது முகத்தில் கோபம்தான் மிச்சமிருந்தது. "பூரண சுகம்னு சபை முழுக்க வாசிச்சாச்சு. நாளைக்கு அதே கோயிலுக்குப் பெட்டியத் தூக்கிட்டுப் போகணும். ஐயர்ட்ட நான் பேசுதேன். காலைல குடுத்தது தெரியாமக் குடுத்தது, இல்லைன்னு ஆக்கிருவோம். எதுக்கும்மா இனி ஸ்தோத்திரம்?"

ஞானதீபம் கோழியின் கண்ணைப் பார்த்தாள். அது தலைகீழாகவே அவளைப் பார்த்தது. கையில் வாங்கினால், காலையில் ஆண்டவருக்குச் சொன்னதையும் திருப்பி வாங்கியதாகும். வாங்காவிட்டால் அவன் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். எதற்கு ஸ்தோத்திரம்? தேடிப் பார்த்தாள். உள்ளே ஒன்றுமே இல்லை.

"ஐயர் வரட்டும்" என்றாள். "அதுவரைக்கும் அந்த முருங்கைல கட்டிப்போடுங்க அண்ணாச்சி. பாவம், தலைகீழாத் தொங்குதுல்லா."

தனராஜுக்கு அப்பாடா என்றிருந்தது. கோழியை மரத்தில் கட்டிவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, பந்தல்காரர்களோடு சேர்ந்து ஓலை தூக்கிக் கொடுக்கப் போனார்.

ஆண்கள் கிருபாநிதியைக் குளிப்பாட்டிக் கோட்டுப் போட்டு பெஞ்சில் கிடத்தினார்கள். அவர் படுத்திருந்த கட்டிலை வெளியே எடுத்துப்போட்டதும், அந்த இடத்தைப் பெருக்க ஜெபகனி வாரியலோடு குனிந்தாள். சுவரோரம் ஒரு பித்தளைத் தம்ளர் நின்றது. எடுத்து மோந்து பார்த்தாள்.

"காப்பி!" என்றாள். "நெஞ்சுக் கோளாறுகாரனுக்குக் காப்பி குடுத்தது யாரு? ஏளா தீபம், ஒன் வீட்டுத் தம்ளரா இது?" திருப்பிப் பார்த்தாள். அடியில் செ.தா. என்று வெட்டியிருந்தது.

செல்லத்தாய் பின்கட்டில் வந்தவர்களுக்குக் கடுங்காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். கரிக் கையோடு நிலைப்படியில் வந்து நின்றாள். ஜெபகனியின் கையில் தம்ளரைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கிவிட்டது.

"நாந்தான்க்கா குடுத்தேன்" என்றாள். ஜெபகனியைப் பார்த்துச் சொல்லவில்லை, ஞானதீபத்தைப் பார்த்துச் சொன்னாள். "நீங்க கோயிலுக்குப் போன கொஞ்ச நேரத்துல அண்ணாச்சி முழிச்சிட்டாவ. தாயி, ஒன் வீட்டுல காப்பி வாசம் வருதேன்னாவ. டாக்டர் வேண்டாம்னாருல்லா அண்ணாச்சின்னேன். ஒரு வாய் போதும், தீபத்துட்ட மட்டும் சொல்லிராத, என்னையக் கொன்னுருவான்னு சிரிச்சாவ. எனக்கு மனசு கேக்கல…"

"கொன்னுட்டியேளா, பாதகத்தி! காப்பியக் குடுத்துக் கொன்னுட்டியே!"

கூடத்தில் ஒப்பாரி நின்றுவிட்டது. செல்லத்தாய் நிலையைப் பிடித்துக்கொண்டாள். கரி, நிலையில் விரல் விரலாகப் பதிந்தது.

"அத்தை, சும்மா இரிங்க" என்றான் சுந்தர்சிங். குரல் மெதுவாக வந்தது. "காப்பி ஒண்ணும் செய்யலை. டாக்டர் போன வாரமே எங்கிட்டச் சொல்லிட்டாரு. அதிகம் போனா இந்த மாசம்னு."

ஞானதீபம் மகனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது. அது என்ன கப்பல் என்று சொல்ல இனி வீட்டில் ஆள் இல்லை.

"கருப்பட்டியா, சீனியா?" என்று கேட்டாள் ஞானதீபம்.

செல்லத்தாய்க்கு முதலில் புரியவில்லை. "என்னக்கா?"

"காப்பிக்கு."

"கருப்பட்டிதான். சுக்கு தட்டிப் போட்டிருந்தேன்."

"சூடா இருந்துச்சா?"

"ஊதி ஊதிக் குடிச்சாவ. கை நடுங்குச்சுல்லா, நாந்தான் தம்ளரைப் பிடிச்சிக்கிட்டேன்." செல்லத்தாய் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "குடிக்கதுக்கு முந்திக் கண்ணை மூடி ஜெபம் பண்ணுனாவக்கா. எனக்குச் சிரிப்பா வந்துட்டு. களவாக் குடிக்கிற காப்பிக்குமா அண்ணாச்சி ஜெபம்னு கேட்டுட்டேன். களவாக் குடிச்சாலும் குடுக்கது அவருதான தாயின்னாவ. குடிச்சாவ. நல்லாருக்குன்னாவ. பெறவு சாஞ்சி படுத்தாவ. ஒறங்குதாவன்னுதான்க்கா நெனச்சேன். தம்ளரைக்கூட எடுக்காம, சத்தம் போடாம உக்காந்திருந்தேன்…"

ஞானதீபம் எழுந்து வந்து ஜெபகனியின் கையிலிருந்து தம்ளரை வாங்கினாள். அடியில் ஒரு மடக்கு மண்டி காய்ந்திருந்தது. நேற்றும் அவர் கேட்டார். நாற்காலியில் உட்கார்ந்ததும், "ஒரு காப்பி குடேன்ளா" என்றார். டாக்டர் சொன்னது மறந்துபோச்சா என்று அவள் அதட்டினாள். சரி விடு, வந்து உக்காரு என்றார். சாயங்கால வேளையில் வாசலில் உட்கார்ந்து அவளுக்குப் பழக்கமில்லை. அடுப்பில் வேலை இருந்தது. ஆனாலும் படியில் உட்கார்ந்தாள். கடற்காற்று வந்துகொண்டிருந்தது. உப்பளத்திலிருந்து பெண்கள் கால் வெள்ளை வெள்ளையாகத் திரும்பிப் போனார்கள். அவர் ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லி விசாரித்தார். லாரிக்காரன் ஒருவன், "டாலி சார், வேலைக்கு வந்திட்டியளா?" என்று கத்தினான். "வந்திட்டேம்டே, ஒன் லாரில ஒரு மூட்டை கொறையுது, எறங்கு" என்று அவர் திருப்பிக் கத்தினார். லாரிக்காரன் சிரித்துக்கொண்டே போனான். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. இருட்டும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள். அவ்வளவுதான்.

"மைனி, அவளை ஒண்ணும் சொல்லாதிய" என்றாள் ஞானதீபம். "ஆசைப்பட்டுக் கேட்டாவ. நான் குடுக்கல. இவ குடுத்தா."

பின்கட்டுக்குப் போய்த் தம்ளரைக் கழுவினாள். சாம்பல் போட்டுத் தேய்த்து, இரண்டு தரம் அலசி, முந்தானையால் துடைத்துச் செல்லத்தாயிடம் கொடுத்தாள். செல்லத்தாய் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

வெயில் தாழ்ந்தபோது ஐயர் வந்தார். இந்தச் சபைக்கு மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகாத, சின்ன வயதுக்காரர். ஜெபம் பண்ணிவிட்டு எழுந்தவர், போகாமல் நின்றார். ஞானதீபத்தின் முகத்தைப் பார்க்க அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

"அம்மா, காலையில நான் வாசிச்சது…" என்று ஆரம்பித்தார். "வாசிக்கிறதுக்கு முந்தி ஒரு எட்டு வந்து அவரைப் பார்த்திருக்கணும். தப்பு எம்பேரிலயும் இருக்கு. நாளைக்கு அடக்க ஆராதனையில அதைப் பத்திப் பேச்சே எடுக்க வேண்டாம். சபையாரும் மறந்துருவாங்க. கோழியும் வந்துட்டுன்னு தனராஜ் சொன்னார். நீங்களே வச்சிக்கலாம், ஒரு குறையும் இல்ல."

"அதைத்தான் ஐயரே நானும் சொன்னேன்" என்றான் சுந்தர்சிங்.

ஞானதீபம் முந்தானையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஐயரே, நான் கேட்டது நடக்கிறதுக்குத்தான்" என்றாள். "எந்திரிச்சு நடந்தாப் போதும்னு கேட்டேன். நடந்தாவ. சுகம்னு சேத்து எழுதிக் குடுத்தது நான். அது தப்பு. அதை மட்டும் மாத்தி வாசிங்க."

"எப்படிம்மா வாசிக்கணும்?"

வெளியே பந்தலில் யாரோ பெஞ்சை இழுத்துப் போட்டார்கள்.

"நேத்துச் சாயங்காலத்துக்காகன்னு வாசிங்க" என்றாள். "வாசல்ல உக்காந்திருந்தாவல்லா, அதுக்கு. பெறவு செல்லத்தாயி குடுத்த காப்பிக்கு."

ஜெபகனி பின்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

சுந்தர்சிங் பெஞ்சில் கிடந்த அப்பாவைப் பார்த்தான். "ஒரு சாயங்காலத்தைக் குடுத்துட்டு ஆளை எடுத்துக்கிடுவாரு. அதுக்கு நாம கோழி குடுக்கணுமா?"

"எனக்குத் தெரியாதுடே" என்றாள் ஞானதீபம். "ஏன் எடுத்தாருன்னு எனக்குத் தெரியாது. குடுத்தது தெரியும். அது என் கண்ணு முன்னால நடந்தது. இல்லைன்னு எப்படிச் சொல்லுவேன்?"

சுந்தர்சிங் அவள் பக்கம் நகர்ந்து, "டாக்டர் சொன்னதை ஒங்ககிட்டச் சொல்லிருக்கணும்மா" என்றான்.

"சொல்லிருந்தா அந்தச் சாயங்காலத்தையும் நான் அழுதே கழிச்சிருப்பேன்" என்றாள் அவள். கையை நீட்டி அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

பிறகு வாசலுக்குப் போனாள். தனராஜ் பந்தலடியில் உட்கார்ந்திருந்தார். "அண்ணாச்சி, அது ஆண்டவருக்குக் குடுத்த கோழி. நீங்க ஏலத்துல எடுத்தது. கொண்டு போங்க. அறுக்கவோ வளக்கவோ, அது ஒங்க பாடு."

"அறுக்க மாட்டேன் தாயி" என்றார் தனராஜ். முருங்கையிலிருந்து கோழியை அவிழ்த்து, இந்தத் தடவை தலைகீழாகப் பிடிக்காமல் அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை கோயில் நிறைந்திருந்தது. துறைமுகத்திலிருந்து மூட்டை தூக்குகிறவர்கள் கூட்டமாக வந்து பின்னால் நின்றார்கள். பிரசங்கம் முடிந்து ஐயர் சட்டைப் பையிலிருந்து துண்டுத் தாளை எடுத்தார். "நம்முடைய சகோதரர் கிருபாநிதி அவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் வாசல்வரை நடந்து வந்து மனைவியோடு உட்கார்ந்திருந்ததற்காகவும், ஞாயிறு காலையில் அடுத்த வீட்டுச் சகோதரி செல்லத்தாய் கொடுத்த காப்பிக்காகவும், அவருடைய மனைவி ஞானதீபம் அம்மாள் ஒரு கோழியை ஸ்தோத்திர காணிக்கையாகப் படைக்கிறார்கள்." சபை ஒரு கணம் திகைத்தது. பின்வரிசையில் யாரோ சிரித்து, சிரித்ததை இருமலாக்கினார்கள். ஞானதீபம் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஜெபகனி குனிந்து, பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு தோள் குலுங்க அழுதாள்.

கல்லறைத் தோட்டத்தில் மண் கடற்கரை மண்ணாக இருந்தது. வெட்ட வெட்டச் சரிந்தது. எல்லாரும் ஒவ்வொரு பிடி போட்டார்கள். ஞானதீபமும் போட்டாள். கையைத் தட்டினால் போகாமல் விரல் இடுக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது தரை கழுவிக் காய்ந்திருந்தது. ஆண்கள் பந்தலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஞானதீபம் கையைக் கழுவ அடுக்களைக்குப் போனாள். அவள் வீட்டுக் குடங்கள் எல்லாம் சுவரோரம் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் தண்ணீர் விளிம்புவரை நின்றது. தெருக் குழாயில் இன்று தண்ணீர் முறை என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது. இனி நாளை மறுநாள்தான் வரும்.

பின்வாசல் வழியாகப் பார்த்தாள். செல்லத்தாயின் முற்றத்தில் அவளுடைய குடங்கள் வெயிலில் கவிழ்ந்து கிடந்தன. ஒன்றில்கூட ஈரம் இல்லை.

ஞானதீபம் வரிசையில் முதல் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். தளும்பி, சேலை முட்டுவரைக்கும் நனைந்தது. ஒரு கையால் குடத்தின் கழுத்தை அணைத்துக்கொண்டு, மறு கையால் செல்லத்தாய் வீட்டுப் படலைத் தள்ளினாள்.